பகையின்றி இருந்தவர்கள்

காணித் தகராறோடு வருகிறவர்களிடம் நான் முதலில் இரண்டு கேள்விகளைக் கேட்பேன். இந்த இடத்தில் எப்போதிருந்து இருக்கிறீர்கள்? இருக்கக் கூடாது என்று யாராவது எப்போதாவது சொன்னார்களா? கினிகத்தேனைப் பக்கத்துக் கிராமத்திலிருந்தோ ஹட்டன் கடைவீதியிலிருந்தோ வருகிறவர் என்றால், இந்த இரண்டு பதில்களை வைத்தே வழக்கில் பாதியைக் கட்டிவிடலாம். வட்டவளைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயமொன்றிலிருந்து வருகிறவர் சொல்லும் பதில் வேறு. "எங்க பாட்டன் காலத்துலருந்து இந்தக் காம்பராவுலதாங்கய்யா இருக்கோம். எந்தத் தொரயும் எங்கள ஒரு வார்த்த சொன்னதில்ல. நாங்களும் யாருக்கும் எதிரா நடந்ததில்ல. கொடுத்த வேலயச் செஞ்சுக்கிட்டு இருந்தோம்." இதைச் சொல்லும்போது அவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்வார்கள். தங்கள் பக்கத்திலுள்ள மிகப் பெரிய பலத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்ட நிறைவு முகத்தில் தெரியும். சட்டம் பழகிய என் காதில் அதே வார்த்தைகள் வழக்கை முடித்துவிடும் ஒப்புதலாக விழுகின்றன. ஒரே பேச்சு மேசைக்கு அந்தப் பக்கத்தில் உரிமையாகவும் இந்தப் பக்கத்தில் உரிமை இல்லாமையாகவும் இருப்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வழக்கேட்டைக் கட்டி அலமாரியில் வைத்த பிறகும் அந்த உறுத்தல் அடங்குவதில்லை.

நீண்டகால ஆட்சியால் காணிக்கு உரிமை பெறுவதைப் பற்றிய நம் சட்டம் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன் 3ஆம் பிரிவை எத்தனை முறை படித்தாலும் ஓரிடத்தில் நின்றுவிடுகிறேன். பத்து ஆண்டுகள் இடையூறில்லாமல், இடைவிடாமல், உடைமையாளரின் உரிமைக்கு எதிரிடையாகவோ அதைச் சாராமலோ ஒருவர் காணியை ஆண்டிருக்க வேண்டும். எது எதிரிடையான ஆட்சி என்பதையும் அந்தப் பிரிவே விளக்குகிறது. வாடகையோ விளைச்சலில் பங்கோ கொடுத்திருக்கக் கூடாது. ஊழியமோ கடமையோ செய்திருக்கக் கூடாது. இன்னொருவரின் உரிமையை ஏற்றுக்கொண்டதாகக் கருத இடந்தரும் எந்தச் செயலையும் செய்திருக்கக் கூடாது. நடுவில் வரும் அந்த ஊழியம்தான் நான் நிற்கும் இடம். மட்டக்கம்பு பிடித்துக் கொழுந்து பறித்தது, கான் வெட்டியது, கவ்வாத்து வெட்டியது, பெரட்டுக்களத்தில் விடியலில் போய் நின்று பெயர் கொடுத்தது, இவை எல்லாமே ஊழியம். ஒரு குடும்பம் நான்கு தலைமுறையாக ஒரு மண்ணுக்காகச் செய்த வேலை, அந்த மண் அவர்களுடையதல்ல என்பதற்குச் சாட்சியாகிறது. எவ்வளவு அதிகம் உழைத்தார்களோ அவ்வளவு பலமான சாட்சி. 1871இல் இந்த வரிகளை எழுதியவர்கள் தோட்டத்து மக்களை மனதில் வைத்து எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. குத்தகைக்காரரும் வேலைக்காரரும் எசமானின் காணியை ஏமாற்றி எடுத்துக்கொள்ளாமல் தடுப்பது எந்த நாட்டுச் சட்டத்திலும் உள்ளதுதான். ஆனால் அதை எழுதிய காலத்தில் இந்த மலைகளில் கோப்பிக் காடுகள் இருந்தன, அவற்றுக்குள் லயங்கள் இருந்தன, அவற்றில் மனிதர்கள் இருந்தார்கள்.

வழக்குத் தீர்ப்புகள் இந்தக் கதவை இன்னும் இறுக்கமாகச் சாத்தின. 1903இல் பிரிவிக் கவுன்சில் தீர்த்த நகுடா மரைக்கார் வழக்கை எங்கள் தொழிலில் அறியாதவர் இல்லை. ஒருவர் முகவராகவோ வேலையாளாகவோ ஓரிடத்துக்குள் நுழைந்தால், அந்த நிலையை வெளிப்படையாக உதறினார் என்று காட்டும்வரை அவருடைய இருப்பின் தன்மை மாறாது. ஆண்டுகள் கூடலாம், தன்மை கூடாது. 1911இன் கொரயா எதிர் இசேரிஸ் அப்புஹாமி வழக்கு பங்குக்காரர்களுக்கிடையே இதே கடுமையை வைத்தது. ஒரு பங்குக்காரர் தன் மனத்துக்குள் 'இது முழுக்க எனது' என்று எத்தனை காலம் நினைத்தாலும் போதாது, மற்றவர்களை வெளியே தள்ளியதற்குச் சமமான ஒன்று நடந்திருக்க வேண்டும். ஆகவே லயத்துக் குடும்பமொன்றுக்காக மறுமொழி எழுத உட்காரும்போது, என் வேலை அவர்களுடைய கடந்த காலத்துக்குள் ஒரு பகையைத் தேடுவதாகிவிடுகிறது. எப்போதாவது துரையைக் கேட்காமல் குசினியைப் பின்னால் இழுத்துக் கட்டினீர்களா? இஸ்தோப்பை அடைத்து அறையாக்கியபோது ஆபீசிலிருந்து ஆள் வந்து நிறுத்தச் சொன்னானா, நீங்கள் மீறினீர்களா? கொய்யா மரத்தை வெட்டச் சொன்னபோது மறுத்தீர்களா? அவர்கள் என்னைப் பதற்றத்தோடு பார்ப்பார்கள். குற்றம் சாட்டப்படுவதாக நினைத்துக்கொண்டு, இல்லை ஐயா, கேட்டுத்தான் கட்டினோம், சங்கத் தலைவர்கூட வந்து பேசினார், துரை சரி என்றுதான் சொன்னார் என்று அவசரமாக விளக்குவார்கள். ஒழுங்காக நடந்துகொண்டதைச் சொல்லச் சொல்ல வழக்கு நழுவுகிறது. கட்டுப்பட்டு வாழ்ந்ததை ஒரு குறையாகக் கருதும்படி என்னைப் பழக்கிய அறிவை நான் எப்படிச் சுமப்பது என்று தெரியவில்லை.

வட்டவளையில் மழையைப் பற்றிச் சொல்லாமல் வீட்டைப் பற்றிப் பேச முடியாது. ஆண்டுக்கு ஐயாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற இடம், இத்தீவின் மிக ஈரமான ஊர்களில் ஒன்று. தென்மேற்குப் பருவம் தொடங்கினால் லயத்துத் தகரத்தில் விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. சுவரின் அடிப்பகுதி ஒரு முழ உயரத்துக்குக் கறுத்து ஊறி நிற்கும். அடுப்புப் புகையும் ஈரத் துணியும் கலந்த ஒரு வாசனை, அவர்கள் என்னிடம் கொண்டுவரும் காகிதங்களிலும் இருக்கும். சொப்பிங் பேக்கைப் பிரித்தால் பிறப்புச் சான்றிதழ், சம்பளத் துண்டு, சேமலாப நிதிக் கடிதம், பிள்ளையின் பாடசாலை அறிக்கை, தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டு, சங்கத்துச் சந்தா ரசீது எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். ஒரு வாழ்க்கை முழுவதும் காகிதத்தில் பதிவாகி இருக்கிறது, காணி உறுதி ஒன்றைத் தவிர. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு. அதற்குச் சிமெந்துத் தரை போட்டது யார், ஒழுகிய தகரத்தை மாற்றியது யார், சரிவில் கல் அடுக்கி மண் இறங்காமல் பிடித்து வைத்திருப்பது யார்? இந்தச் சரிவுகள் தானாக நிற்பவை அல்ல. வட்டவளையில் ரயில் பாதையைத் தாங்கிய மலையே நகர்ந்து, மண்ணுக்குள் குழாய் இறக்கி நீரை வடித்த பிறகுதான் அடங்கியது. மண்ணைப் பிடித்து வைக்கிற வேலை அங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மழைக்கும் நடக்கிறது. ஆனால் எவ்வளவு திருத்தினாலும் சட்டத்தின் கண்ணில் அது அனுமதியோடு இருப்பவர் செய்த திருத்தம்தான்.

அனுமதி யாருடையது என்பதும் மாறிக்கொண்டே வந்தது. ஸ்டேர்லிங் கம்பனிகளும் ரூபாய்க் கம்பனிகளும் வைத்திருந்த தோட்டங்கள் 1975ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுக்கு வந்தன. பிறகு அரச அமைப்புகளான ஜனவசமவும் பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தின. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் உருவாகி நீண்ட குத்தகைக்கு எடுத்தன. அவற்றில் ஒன்று வட்டவளையின் பெயரையே தாங்கியிருக்கிறது. ஐம்பத்து மூன்று ஆண்டுக் குத்தகை, 2045இல் முடியும். ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் லயங்கள் உள்ளே மனிதர்களோடு சேர்ந்தே கைமாறின. எந்தக் கைமாற்றத்திலும் அந்த மனிதர்கள் ஒரு தரப்பாக இருந்ததில்லை. அரசு உடைமையாளரானதும் இருந்த சிறிய இடுக்கும் அடைந்தது, ஏனென்றால் அரசுக்கு எதிராக ஆட்சியுரிமை ஓடாது. பத்து ஆண்டும் ஒன்றுதான், நூற்றிருபது ஆண்டும் ஒன்றுதான். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் மீட்புச் சட்டம் இன்னும் சுருக்கமானது. வெளியேறும் அறிவித்தல் வந்து, நீதவான் முன்னால் விண்ணப்பம் போனால், எதிர்த்தரப்பு சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரமோ எழுத்திலான அதிகாரமோ என்னிடம் இருக்கிறது. அது இல்லையென்றால் வெளியேற்றக் கட்டளை. அதற்கு மேன்முறையீடு கிடையாது. ஆக, பழைய சட்டத்தின்படி அனுமதி இருப்பதால் உரிமை இல்லை, புதிய சட்டத்தின்படி அனுமதிக்கு எழுத்து இல்லாததால் இருப்பே இல்லை. அடுத்தடுத்த கிழமைகளில் ஒரே குடும்பத்துக்காக இந்த இரண்டு வாதங்களையும் எதிர்கொண்டு நிற்பது எப்படியிருக்கும் என்று விளக்குவது கடினம்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு தீர்ப்பு எனக்கு மூச்சுவிட இடம் தருகிறது. 1950இல் பிரிவிக் கவுன்சிலில் முடிந்த மன்னர் எதிர் செல்வநாயகம் வழக்கு. வெளியேறச் சொல்லி அறிவித்தல் கொடுத்த பிறகும் தோட்டத்திலேயே தங்கியிருந்த ஒருவர்மீது குற்றவியல் அத்துமீறல் சாட்டப்பட்டது. காணிக்குப் பொறுப்பானவரைத் தொந்தரவு செய்யும் நோக்கத்தோடு தங்கியிருந்தாரா என்பதே கேள்வி. தங்கினால் அவருக்குத் தொந்தரவு ஏற்படும் என்பது தங்கியவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தே இருந்திருக்கலாம், ஆனால் தெரிந்திருப்பது வேறு, அதற்காகவே செய்வது வேறு என்றது நீதிமன்றம். தன் வீட்டில் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பதுதான் அந்த மனிதரின் நோக்கம், ஆகவே குற்றமாகாது. இந்தியாவிலும் இங்கேயும் இன்றுவரை அத்துமீறல் வழக்குகளில் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு இது. எடுத்துக்காட்டும் பலருக்கு அதன் அடியில் ஒரு தோட்டம் இருப்பது தெரியாது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்து, இந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கி இரண்டு ஆண்டுகூட முழுதாகக் கழியாத நேரத்தில், லண்டனில் உட்கார்ந்திருந்த சில நீதிபதிகள் அவர்களில் ஒருவருடைய தங்குமிடத்தை அவருடைய வீடு என்று பார்த்தார்கள். அதை நான் பெரிதாக நினைக்கிறேன். ஆனால் அந்தத் தீர்ப்பு கொடுத்தது சிறைக்குப் போகாத விடுதலை மட்டுமே. வீட்டில் இருக்க விரும்பியது குற்றமில்லை என்றது. வீடு உனது என்று சொல்லவில்லை, சொல்லும்படி அதனிடம் கேட்கப்படவும் இல்லை. குற்றவியல் சட்டம் மனிதனின் மனதைப் பார்க்கிறது. காணிச் சட்டம் ஏன் பகை உள்ள மனதை மட்டும் தேடுகிறது?

இந்தக் கேள்வியை முன்வைக்கும்போதே எனக்குள் ஒரு தயக்கம் எழுகிறது, அதை மறைத்துவிட்டு மேலே போக நான் விரும்பவில்லை. நீண்டகால இருப்பே உரிமை என்றால், இந்த மலைகளில் தோட்டத்து மக்களான எங்களுக்கு முன்னால் இருந்தவர்களின் இருப்பு என்னவாயிற்று? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் ஆளற்ற காணியும் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்று வைத்துக்கொண்டது. கண்டிப் பிரதேசத்துக் கிராமத்தவர்கள் சேனை வெட்டியும், மாடு மேய்த்தும், விறகு எடுத்தும் வந்த நிலங்கள் இப்படித்தான் போயின. அவர்களிடமும் உறுதி இல்லை. எப்போதிருந்து, யாராவது எதிர்த்தார்களா என்று கேட்டிருந்தால் அவர்களும் எங்கள் ஆட்களைப் போலவே பதில் சொல்லியிருப்பார்கள். கினிகத்தேனையிலிருந்து என்னிடம் வரும் சிங்களக் கட்சிக்காரர் ஒருவர், தேயிலைக்கு மேலே தெரியும் மேட்டைக் காட்டி, அது எங்கள் முன்னோர்களின் சேனை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனதுண்டு. அவர் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. மறுக்க வேண்டிய தேவையும் இல்லை என்றுதான் இப்போது படுகிறது. காகிதம் இல்லாதவரின் இருப்பைக் கணக்கில் எடுக்காத ஒரே சட்ட மனம்தான் முதலில் அவர்களிடமிருந்து எடுத்தது, பிறகு எங்களைக் கொண்டுவந்து குடிவைத்து எங்களுக்கும் கொடுக்காமல் வைத்தது. இந்த இரண்டு மக்களையும் ஒருவர் உரிமைக்கு மற்றவரைத் தடையாகக் காட்டும் பேச்சு தேர்தல் மேடைகளில் எளிதாக எடுபடுகிறது. இருவரும் வேறு வேறு நாளில் வந்து ஒரே வாங்கில் உட்கார்கிறார்கள், அதை நான் பார்க்கிறேன்.

நீதிமன்றத்தில் பெரும்பாலும் நான் காண்பது இந்தப் பெரிய வழக்கை அல்ல. அண்ணனும் தம்பியும் ஒரு காம்பராவுக்காக நிற்பார்கள். பீலியிலிருந்து இழுத்த தண்ணீர்க் குழாய், லயத்துக்குப் பின்னால் இரண்டு பாத்தி மரக்கறி, கக்கூசுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. அமைதிக்குலைவு ஏற்படும் என்று பொலிஸ் அறிக்கை வைத்தால், அது ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு வழக்கு. 'அறுபத்தாறு' என்றால் ஹட்டனில் தேநீர்க்கடைக்காரருக்கும் தெரியும். அதில் உரிமை யாருடையது என்ற பேச்சே இல்லை. தகவல் தாக்கல் செய்த அன்று யார் ஆட்சியில் இருந்தார், அதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் யாராவது வெளியே தள்ளப்பட்டாரா என்பது மட்டும். எனக்கு இந்த வழக்குகளில் ஒரு விசித்திரமான நிம்மதி உண்டு. வேறெங்கும் கணக்கில் வராத இருப்பு அங்கே இரண்டு மாதத்துக்காவது கணக்கில் வருகிறது. ஆனால் அங்கும் வழக்கேடு சிங்களத்தில்தான் எழுதப்படுகிறது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்றங்களின் மொழியைச் சிங்களமாக வைத்திருக்கிறது, தமிழில் பேசுகிறவருக்கு மொழிபெயர்ப்பு உண்டு. கணவன் பெயரில் பதிவான காம்பராவில், அவர் இறந்த பின் மைத்துனனோடு மல்லுக்கு நிற்கும் ஒரு பெண், முப்பது வருடம் கொழுந்தெடுத்த தன் கதையை ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிறார். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பதிவில் விழுவது, எதிராளி அவ்விடத்தில் வசிக்கிறார் என்ற ஒரு வரி. அந்த ஒரு வரி சட்டத்துக்குப் போதுமானதுதான். எனக்குப் போதவில்லை.

இனி, லயத்து மக்களுக்குக் கொடுக்கப்படும் ஏழு பேர்ச் காணி. 2015க்குப் பிறகு தனி வீட்டுத் திட்டங்களோடு வந்த அளவு இது. ஒரு பேர்ச் இருநூற்று எழுபத்திரண்டேகால் சதுர அடி, ஏழு பேர்ச் ஏறக்குறைய ஆயிரத்துத் தொள்ளாயிரம். ஒரு ஏக்கரில் இருபத்திரண்டு குடும்பங்களை வைக்கலாம். இந்திய அரசின் உதவியோடு நாலாயிரம் வீடுகள், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் பத்தாயிரம், பிறகு பத்துப் பேர்ச் என்ற பேச்சு. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் தோட்டத்துக்குள் ஒரு பாதை போட உள்ளூராட்சி சபைக்குத் தடை நீங்கியது. இவை எதையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. தன் பெயரில் ஒரு துண்டு நிலம் உள்ள பெண் மைத்துனன் முன்னால் நிற்கும் விதமே வேறு. பிள்ளை கொழும்பில் வேலைக்குப் போய்விட்டால் பேர் பதிந்த ஆள் இல்லை என்று காம்பரா கைவிட்டுப் போகும் பயமும் தீரும். ஆனாலும் உறுதி எழுதுகிறவன் என்ற முறையில் ஒரு மனக்குறை. எந்த உறுதியிலும் அட்டவணைக்கு முன்னால், கொடுப்பவருக்கு அந்தக் காணி வந்த வழி எழுதப்படும். தந்தை வழி முதுசம், இன்ன இலக்க உறுதி, அல்லது நீண்டகால ஆட்சி. இந்தக் கொடைப் பத்திரங்களில் வழி அரசிடமிருந்து தொடங்கும். பெறுபவர் நேற்றுவரை அங்கே இல்லாதவரைப் போல நின்று கை நீட்டுகிறார். படம் எடுக்கப்படுகிறது. கொடுத்ததற்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

கொடை வேறு, பிரகடனம் வேறு. காணி வழக்கில் வெல்கிறவருக்கு நீதிமன்றம் எதையும் புதிதாகத் தருவதில்லை. இது ஏற்கெனவே இவருடையது என்று அறிவிக்கிறது. மலையகத்துக் காணிக்கு அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்பதுதான் இத்தனை சுற்றிவந்தும் நான் நிற்கும் இடம். 3ஆம் பிரிவு எதை உரிமைக்குத் தடையாக எழுதியதோ, அந்த ஊழியத்தையே உரிமைக்கு மூலமாக எழுதும் ஒரு சட்டம். நான்கு தலைமுறை எதிர்ப்பில்லாமல், ஒளிவு மறைவில்லாமல், வேலை செய்துகொண்டே ஓரிடத்தில் வாழ்ந்த குடும்பத்துக்கு அந்த இடம் உரியது என்று பாராளுமன்றம் அறிவிக்கட்டும். அளவை பிறகு நில அளவையாளர் பார்த்துக்கொள்வார். சேனை இழந்தவர்களின் வாரிசுகளுக்கும் அதே சட்டத்தில் ஒரு பகுதி வேண்டும். 2045இல் குத்தகைகள் முடிந்து, இந்தத் தோட்டங்கள் மறுபடியும் யாருக்கோ எழுதப்படும் முன்னால் இது நடக்க வேண்டும்.

நடந்தால், நிரூபிக்கச் சொல்வார்கள். யார், எந்த லயத்தில், எந்த ஆண்டிலிருந்து? பிறப்புச் சான்றிதழ்கள் ஒரு எல்லைவரை உதவும், தோட்டப் பாடசாலைச் சேர்வு இடாப்புகள் இன்னும் கொஞ்சம். ஆனால் நாள்நாளாக, பெயர்பெயராக எழுதப்பட்டது செக்ரோல் ஒன்றுதான். எந்த மழைநாளில் யார் மலைக்குப் போனார், எத்தனை றாத்தல் எடுத்தார், யாருக்கு அரை நாள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இன்றைய சட்டத்தில் அந்தப் புத்தகம் எங்களுக்கு எதிரான சான்று. நான் கேட்கும் சட்டத்தில் அதுவே முதல் சான்றாவணம். பழைய செக்ரோல்கள் தோட்ட ஆபீசுகளின் மச்சுகளில் ஈரத்தில் ஊறிக்கொண்டிருக்கின்றன, கணக்கப்பிள்ளையாக இருந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஜனவசமவும் கூட்டுத்தாபனமும் பொது அதிகாரசபைகள். அவர்கள் நடத்திய ஆண்டுகளின் புத்தகங்களை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் கேட்கலாம். கம்பனிகளும், அவற்றில் அரசுக்குள்ள பங்கால், அந்தச் சட்டத்துக்குள் வருமா என்பது வாதத்துக்குரியது. வரும் என்று வாதிட இடமிருப்பதாக நினைக்கிறேன். முதல் விண்ணப்பத்தை வட்டவளைத் தோட்டமொன்றின் பெயரில் எழுதி வைத்திருக்கிறேன். எந்த ஆண்டிலிருந்து கேட்பது என்று அங்குள்ள முதியவர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.